பி பிளாக் மெயில் வாசிப்பாளர்

நாமக்கல்
9 ஜூலை 2023, ஞாயிறு

பேரன்புக்கும் பெருங்கோபத்துக்கும் உரிய கிருத்திகா அக்காவுக்கு,

இதனால் நாமகிரிப்பேட்டை மஞ்சள் மண்டி முதல் சேலம் மகளிர் கல்லூரி விடுதி வரை உள்ள சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், உன் ஒரே தம்பி சபரிநாதன், பன்னிரண்டாம் வகுப்பு, எங்கள் ஆஸ்டல் பி பிளாக்கின் மெயில் வாசிப்பாளராக ஏகமனதாகப் பதவி ஏற்றுக்கொண்டான். எதிர்த்து ஓட்டுப் போட்டவர் ஒருவரும் இல்லை. ஓட்டே இல்லை. சம்பளம், மெயில் ஒன்றுக்கு அவித்த முட்டை ஒன்று. (பிளாக், மெயில் இரண்டையும் சேர்த்துப் படிக்காதே. தொழிலுக்கு ஆகாது.)

நீ என்னோடு பேசுவதில்லை என்று தெரியும். நானும் உன்னோடு பேசுவதில்லை. இது பேச்சு இல்லை, எழுத்து, அதனால் கணக்கில் வராது. நம்ம ஊர் ஸ்கூல் ஹெட்மாஸ்டர் குத்துக்கல் மாதிரி உயிரோடு இருக்கும்போதே அவருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து பஸ் ஸ்டாண்டில் ஒட்டியது நான்தான் என்று அப்பாவிடம் போட்டுக்கொடுத்தவள் நீ. அதனால்தான் ப்ளஸ் டூ படிக்க இந்தக் கோழிப் பண்ணைக்கு வந்து சேர்ந்தேன். பண்ணைக் கோழிக்கும் எங்களுக்கும் ஒரே வித்தியாசம், அது முட்டை போடும், நாங்கள் முட்டை வாங்குவோம்.

இங்கே போன் கிடையாது. வீட்டிலிருந்து யாராவது எங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஆபீஸுக்கு மெயில் போட வேண்டும். ஆபீஸைப் பார்த்துக்கொள்கிற பிரபாகர் சார் ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, பேர் கூப்பிட்டுக் கொடுப்பார். நாங்கள் தபாலில் பதில் எழுதலாம். இதுதான் முறை. போன மே மாசம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து, யாரோ வந்து எல்லாவற்றையும் துடைத்துப் புதுசாக ஏற்றிவிட்டுப் போனார்கள். அதிலிருந்து தமிழில் வருகிற மெயில் எல்லாம் இந்த லட்சணத்தில் அச்சாகிறது:

à®…à®®à¯à®®à®¾

பக்கம் முழுக்க இதேதான். தலையில் குச்சி செருகிய ஒரு a, வட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட ஒரு R. எங்களை வரைந்த மாதிரியே இருக்கிறது: தலையில் குட்டு, சுற்றிலும் காம்பவுண்டு. மின்னஞ்சலில் மின்னல் போய்விட்டது, அஞ்சல்தான் மிச்சம். பையன்கள் தாளைப் பிடித்துக்கொண்டு அஞ்சி அஞ்சி நிற்கிறார்கள். பிரபாகர் சார், "உங்கூட்ல இங்கிலீசுல போடச் சொல்லுங்கப்பா" என்கிறார். பனமரத்துப்பட்டி முருகானந்தத்தின் அம்மா போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசினால் அது தமிழில் அடித்துக்கொள்ளும். அவர் எங்கே போய் இங்கிலீஷ் பேசுவார்?

அங்கேதான் உன் தம்பியின் மூளை வேலை செய்தது. எந்த R-க்குப் பின்னால் எந்தக் குறி வருகிறது என்று உற்றுப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எழுத்து தானாக எழுந்து வந்தது. சத்தியமாகப் படிக்கிறேன் க்கா. படிக்க வந்த இடத்தில் படித்துக் காட்டிப் பிழைக்கிறேன். வெறுமனே படித்தால் போரடிக்கும் என்று இடையிடையே கொஞ்சம் சொந்தச் சரக்கும் சேர்ப்பேன். முருகானந்தத்துக்கு "நம்ம நாய் செத்துப்போச்சு" என்று படித்தேன். மெஸ்ஸில் தட்டு முன்னால் உட்கார்ந்து தேம்பினான். அடுத்த வாரம் "செத்தது பக்கத்து ஊட்டு நாய், தப்பாச் சொல்லிட்டோம்" என்று படித்தேன். சந்தோஷத்தில் இரண்டு முட்டை கொடுத்தான். அழவைத்ததற்கு ஒன்று, சிரிக்கவைத்ததற்கு இரண்டு. வியாபாரம் என்றால் இது.

குணசீலன் என்று ஒருத்தன், பள்ளிபாளையத்துக்காரன். எப்போதும் அவன்தான் முதல் ரேங்க், நான் இரண்டாவது. யாரைப் பார்த்தாலும் சிரிப்பான், அதுவே எனக்கு எரியும். அவனுக்கும் ஒரு மெயில் வந்தது, முழுசாக ஒரு பக்கம். அதில் என்ன படித்தேன் என்பது தொழில் ரகசியம். கேட்ட பிறகு அவன் சாப்பிட வரவில்லை. அடுத்த டெஸ்டில் முதல் ரேங்க் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உனக்கும் மெயில் போட ஆசை வந்தால் போடு. உன்னுடையதை இலவசமாகப் படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வட்டத்துக்குள் மாட்டிய சபரி


சேலம்
14 ஜூலை

டேய் சபரி,

உன் கடிதம் வந்தது. சிரிப்பு வரவில்லை.

போஸ்டர் விஷயம். ஆமாம், நான்தான் சொன்னேன். ஹெட்மாஸ்டர் சம்சாரம் சந்தையிலிருந்து வந்து இறங்கி, அந்தப் போஸ்டரைப் பார்த்து, காய்ப்பையைக் கீழே போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டு நடுவில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நீ பார்க்கவில்லை. நான் அதே பஸ்ஸில் இருந்தேன். இன்னொரு தடவை நடந்தாலும் சொல்வேன். இதோடு அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

மூன்றாம் வருசம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவளிடம் வந்து கதை விடுகிறாயே, வெட்கமாக இல்லையா? தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கம்ப்யூட்டருக்குள் மூன்று எண்களாகப் போகிறது. உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல், தனித்தனியாக மூன்று இங்கிலீஷ் குறி என்று நினைத்து அச்சடிக்கிறது. அவ்வளவுதான் விஷயம். சில எண்ணுக்குக் குறியே கிடையாது, அது தாளில் விழாமலே போய்விடும். தாளைப் பார்த்து மனுசன் யாராலும் படிக்க முடியாது. உன்னால் முடியும் என்றால் உன்னை இங்கே லெக்சரராகப் போடச் சொல்கிறேன்.

சரி செய்வது ரொம்பச் சுலபம். மெயிலைத் திறந்து, மேலே வியூ, அதில் என்கோடிங், அதில் யூனிகோட் என்று மாற்றச் சொல். பழைய மெயில்களும் அப்படியே தமிழில் வந்துவிடும். தனிச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதை அப்படியே பிரபாகர் சார் கையில் கொடு.

இன்னொன்று. நீ சொல்கிற குணசீலன், என் கிளாஸ்மேட் ஜெயப்பிரியாவின் தம்பி. உன் கடிதத்தில் அந்தப் பேரைப் பார்த்ததும் அவளிடம் கேட்டேன். மூணு மெயில் போட்டாளாம், ஒன்றுக்கும் பதில் இல்லையாம். முன்னெல்லாம் வாரம் தவறாமல் எழுதுவானாம். அவள் முகமே நன்றாக இல்லை. என்ன விஷயம் என்று என்னிடமும் சொல்லவில்லை. அவனுக்கு நீ என்னத்தைப் படித்தாய்? எனக்கு உடனே எழுது.

கிருத்திகா


நாமக்கல்
23 ஜூலை, ஞாயிறு

அக்கா,

வந்தனம். உன் சீட்டை பிரபாகர் சாரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மேலே தூக்கி, கீழே இறக்கி, இரண்டு தடவை படித்தார். வியூவைத் திறந்தார். என்கோடிங் என்று ஒன்று இல்லவே இல்லை. "இது பழைய கம்ப்யூட்டருப்பா, உங்கக்காளோட படிப்பு இதுக்குத் தாங்காது" என்று சொல்லிவிட்டார். நான் என்ன செய்யட்டும்?

மூன்று எண் என்று சொன்னாயே, அதற்கு நன்றி. எனக்கு ஏற்கெனவே பாதி தெரியும், நீ மீதியைக் கொடுத்துவிட்டாய். இப்போது மூன்று மூன்றாகப் பிரித்து, ஓடுகிற லாரியில் நம்பர் பிளேட் பார்க்கிற வேகத்தில் படிக்கிறேன். விழாமல் போன குறியை இடத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்கிறேன். மனுசன் யாராலும் முடியாது என்று எழுதியிருந்தாய். மனுசனால் முடியாததைச் செய்கிறவனுக்கு ஊரில் கோயில் கட்டுவார்கள். எனக்குக் கோயில் வேண்டாம், முட்டை போதும்.

குணசீலனுக்கு உள்ளதை உள்ளபடிதான் படித்தேன். சாப்பிட்டாயா, படித்தாயா, மழை பெய்ததா, அவ்வளவுதான் அதில் இருந்தது. மற்ற இரண்டும் அதேதான். அவன் பதில் எழுதவில்லை என்றால் அது அவன் பாடு. நான் என்ன அவன் கையைப் பிடித்தா வைத்திருக்கிறேன்? ரேங்க் பதினொன்றுக்குப் போய்விட்டது, அந்தத் துக்கமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இன்லேண்டு எடுத்து உட்காரும்போது அவன் துணி துவைக்கப் போகிறான். துவைத்ததையே திரும்பத் துவைக்கிறான்.

அம்மாவிடம் முறுக்கு கொடுத்தனுப்பச் சொல். ரேங்க் ஒன்று என்பதை அப்பாவிடம் சத்தமாகச் சொல்.

முதல் ரேங்க்,
சபரி


சேலம்
29 ஜூலை

சபரி,

இந்தக் கடிதத்தைச் சிரிக்காமல் படி. முடியுமானால் தனியாகப் படி.

ஜெயப்பிரியா நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவள் அப்பா காளியப்பன், பள்ளிபாளையத்தில் தறிப்பட்டறை வைத்திருக்கிறார். திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் வண்டி ஓட்டுகிற வீட்டிலிருந்து இவளைக் கேட்டு வந்திருக்கிறார்கள். படிப்பை இத்தோடு நிறுத்திவிட்டு ஆவணியிலேயே கல்யாணம் என்கிறார்கள். இன்னும் ஒரே வருசம்தான் பாக்கி, சபரி. எங்கள் வகுப்பில் அவள்தான் முதல். எனக்கு ப்ரோகிராம் வராதபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவள் அவள்.

அழுது பார்த்திருக்கிறாள், சாப்பிடாமல் இருந்து பார்த்திருக்கிறாள். கடைசியில் அவள் அப்பா சொன்னது இது: "பொட்டப்புள்ள பேச்சைக் கேட்டு வந்த எடத்தை வுட முடியாது. எம்பையன் நாலெழுத்துத் தெரிஞ்சவன், ரேங்கு வாங்கறவன். அவனா மனசு வந்து, அக்கா படிக்கட்டும்னு ஒரு வரி எழுதட்டும். ஒரு வருசம் தள்ளிப்போடறேன். நானாப் போயிக் கேக்கமாட்டேன். ஆடி முடியறவரைக்கும் பொறுக்கறேன்."

அந்த ஒரு வரியைக் கேட்டுத்தான் மூணு மெயிலும். சாப்பிட்டாயா, மழை பெய்ததா என்று எழுதவில்லை அவள். நீ படித்ததாகச் சொன்னது எதுவுமே அதில் இல்லை.

உன்னைத் திட்ட இப்போது நேரம் இல்லை. ஜெயப்பிரியா தன் கையால் எழுதிய சீட்டு ஒன்றை இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். அவன் பேருக்கே தபாலில் போட்டால் அதுவும் மெயில் மாதிரி பதில் இல்லாமல் போய்விடும் என்று பயப்படுகிறாள். நீ பிரிக்காதே. ஒன்றும் சேர்க்காதே, ஒன்றும் விளக்காதே. குணசீலன் கையில் கொடு, அது போதும். அவன் அப்பாவுக்கு ஒரு வரி எழுதிப் போட்டால் ஆடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

சின்ன வயசில் நான் கிணற்றுப்படியில் வழுக்கி விழுந்தபோது ஊரைக் கூட்டி என்னைக் காப்பாற்றினவன் நீதான். அந்தச் சபரியிடம்தான் இதைக் கேட்கிறேன். ப்ளீஸ்டா.

கிருத்திகா


நாமக்கல்
6 ஆகஸ்டு, ஞாயிறு

அக்கா,

சீட்டைக் கொடுத்தேன்.

தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் வைத்துக் கொடுத்தேன். பச்சைச் சட்டை போட்டிருந்தான். பிரித்துப் படித்தான். முகம் மாறவே இல்லை. படித்து முடித்து நான்காகக் கிழித்து, அந்த நான்கையும் எட்டாகக் கிழித்து, தொட்டிக்குப் பின்னால் போட்டான். "அதெல்லாம் பெரியவங்க பாடுங்க, நான் படிக்க வந்திருக்கேன்" என்றான். பிறகு பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் எவ்வளவோ சொன்னேன். எழுதுடா, ஒரு வரிதானே என்றேன். நானே இன்லேண்டு தருகிறேன் என்றேன்.

சிலபேர் அப்படித்தான் க்கா. ரேங்க் வாங்குகிறவர்களுக்கு நெஞ்சில் ஈரம் இருக்காது. நானும் இப்போது ரேங்க் வாங்குகிறேன் என்பது வேறு விஷயம்.

அந்த மெயில்கள்... நான் படித்தது சரிதான். ஒருவேளை நடுவில் இரண்டு மூன்று வரி அச்சில் விழாமல் போயிருக்கும். நீயே எழுதினாயே, சில எண்ணுக்குக் குறி கிடையாது என்று. முக்கியமான வரியாகப் பார்த்து விழாமல் போயிருக்கிறது. மற்றபடி என் வாசிப்பில் குற்றம் இல்லை. இன்றைக்குக்கூட ஏழு பேருக்குப் படித்தேன்.

ஒரு சந்தேகம். மாப்பிள்ளை நல்லவர்தானே? ரிக் வண்டி என்றால் வசதிதானே, ஆப்பிரிக்கா வரைக்கும் போய் போர் போடுகிறார்களாமே? கல்யாணத்துக்குப் பிறகும் படிக்கவைக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். சும்மா கேட்டேன்.

சபரி

பின்குறிப்பு: முறுக்கு வந்தது. பாதி உடைந்திருந்தது. எனக்குப் பசி இல்லை, முருகானந்தத்திடம் கொடுத்துவிட்டேன்.


சேலம்
22 ஆகஸ்டு

சபரிநாதன்,

ஞாயிற்றுக்கிழமை பள்ளிபாளையத்தில் ஜெயப்பிரியாவுக்கு நிச்சயம் பேசி உப்புச் சர்க்கரை மாற்றினார்கள். நானும் போயிருந்தேன். அதை மாற்றிவிட்டால் நம் பக்கத்தில் பேச்சு முடிந்தது என்று உனக்கே தெரியும். நீ எழுதினதை நம்பி, "உன் தம்பி சீட்டைக் கிழிச்சுப்போட்டானாம்" என்று அவளிடம் சொன்னவள் நான். இந்த வாயால்தான் சொன்னேன். அன்றைக்கே அவள் அப்பாவுக்குப் போன் போட்டு, "சரிங்கப்பா, உங்க இஷ்டம்" என்றாள். அப்புறம் அழவில்லை. புஸ்தகத்தையெல்லாம் எனக்குக் கொடுத்துவிட்டாள்.

குணசீலனை அவன் அப்பா ஆஸ்டலிலிருந்து காலையில் கூட்டி வந்தார். புதுச் சட்டை போட்டு வாசலோரம் நின்றான். அவன் அக்காவைப் பார்க்கவில்லை. அவளும் அவனைப் பார்க்கவில்லை. தட்டு மாற்றி, சாப்பாடு போட்டு, மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது நாங்கள் பட்டறைப் பக்கம் கை கழுவப் போனோம். அவன் அங்கே தனியாக நின்றான். ஜெயப்பிரியாவுக்கு மனசு கேட்கவில்லை.

"ஏஞ்சாமி, எனக்காக ஒரு வரி எழுதக்கூடவா உனக்கு மனசு வரலை?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நீங்கதானுங்க்கா எழுத வேண்டாம்னீங்க."

"நானா?"

"என் லெட்டர் வந்தா தொந்தரவா இருக்குதுன்னு. அம்மா அழுவுதுன்னு. ரேங்கு வாங்கற வேலையைப் பாரு, இனிமே எங்களுக்கு எழுதாதேன்னு. மூணு மெயில்லயும் அதேதானுங்களே. நான் என்ன தப்புப் பண்ணேன்னு மட்டும் தெரியலைங்க்கா."

"யாரு சாமி அப்படிச் சொன்னது?"

"சபரி படிச்சான்."

நான் சீட்டைப் பற்றிக் கேட்டேன். "எந்தச் சீட்டுங்க?" என்றான்.

மற்ற நாளாக இருந்தால் தறிச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்டிருக்காது. விசேஷத்துக்காகத் தறியை நிறுத்தியிருந்தார்கள். எல்லாருக்கும் கேட்டது. அவள் அப்பாவுக்கும் கேட்டது. கையிலிருந்த வெற்றிலைத் தட்டைத் திண்ணையில் வைத்தார். பிறகு, "உப்பு மாத்துன பொறவு பேசி என்னத்துக்கு ஆவுது" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை வீட்டாரைக் கவனிக்கப் போய்விட்டார். ஜெயப்பிரியா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் இருவரும் அழுததை உனக்கு எழுதிக் காட்ட மாட்டேன். அதைப் படிக்க உனக்குத் தகுதி இல்லை.

உங்கள் பிரபாகர் சாரோடு போனில் பேசினேன். எந்தச் சீட்டும் யாரும் கொடுக்கவில்லை என்றார். வழி சொன்னதும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டார். ரொம்ப நல்ல மனுசன். "இத்தனை நாளாப் பசங்க ஒண்ணும் சொல்லலையேம்மா" என்று வருத்தப்பட்டார். உன் பதவி முடிந்தது.

அப்பாவிடம் சொல்லப்போகிறேன் என்று பயப்படாதே. இந்தத் தடவை சொல்ல மாட்டேன். சொன்னால் நாலு அடி கொடுப்பார், நீயும் கணக்கு தீர்ந்தது என்று நிம்மதியாகத் தூங்குவாய். உனக்கு அந்த நிம்மதியைக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை.

இத்தோடு ஒரு தாள் இருக்கிறது. ஜெயப்பிரியா உனக்கு எழுதியது. உனக்குத்தான், அவள் தம்பிக்கு இல்லை. கல்லூரிக்குச் சான்றிதழ் வாங்க வந்த அன்று, தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நல்ல தமிழில்தான் அடித்தாள். நான்தான் உனக்குப் பழக்கமான மாதிரி மாற்றி அச்சடித்திருக்கிறேன். இப்படித் தொடங்குகிறது:

à®šà®ªà®°à®¿, à®¨à¯€à®¯à¯‡ à®ªà®Ÿà®¿.

ஒரு பக்கம் இருக்கிறது. நீதான் லாரி நம்பர் பிளேட் வேகத்தில் படிப்பவனாயிற்றே.

கிருத்திகா


நாமக்கல்
27 ஆகஸ்டு, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

தாள் கிடைத்தது. படித்துவிட்டேன். கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று மூன்றாகப் பிரித்து, விட்டுப்போனதை ஊகித்து, ஒரே மூச்சில் படித்து முடித்தேன். நீ என்னைச் சோதித்துப் பார்க்கிறாய் என்று தெரியும். தோற்கவைக்க முடியாது. இதோ அவங்க எழுதினது:

"சபரி தம்பிக்கு, நலம். நடந்தது நடந்துவிட்டது. நீ சின்னப் பையன், விளையாட்டுக்குச் செய்தாய் என்று எனக்குத் தெரியும். எனக்குக் கோபம் இல்லை. மாப்பிள்ளை ரொம்ப நல்லவர். கல்யாணத்துக்குப் பிறகு படிக்கலாம் என்று சொல்லிவிட்டார். ரிக் வண்டியிலேயே காலேஜில் கொண்டுவந்து இறக்கிவிடுவதாகச் சொல்கிறார், கேட் அகலம்தான் போதாது. குணாவும் உன்னை மன்னித்துவிட்டான். இரண்டு பேரும் சேர்ந்து நன்றாகப் படியுங்கள். கல்யாணத்துக்கு நீ அவசியம் வர வேண்டும். முன்வரிசையில் உட்கார வேண்டும். இப்படிக்கு, ஜெயப்பிரியா அக்கா."

ஆகவே கவலைப்படாதே. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. அவங்களுக்கு என் நன்றியைச் சொல்லிவிடு.

சபரி

அதே நாள், சாயங்காலம்

இன்லேண்டை ஒட்டுவதற்கு முன்னால் ஒருதடவை படித்துப் பார்த்தேன் க்கா. ரிக் வண்டி ஜோக் நான் போடுகிற ஜோக் மாதிரியே இருக்கிறது. நீ முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவாய். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் வேறு இன்லேண்டு இல்லை. கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் யாரிடமும் போய்க் கேட்க முடியவில்லை.

போன வாரம் பிரபாகர் சார் பழைய மெயில்களையெல்லாம் தமிழில் எடுத்துக் கொடுத்தார். பையன்கள் வராந்தாவில் உட்கார்ந்து படித்தார்கள். முருகானந்தம் தன்னுடையதைப் படித்துவிட்டு என்னைத் தேடி வந்து, "எங்கம்மா நாயைப் பத்தி ஒரு வார்த்தைகூட எழுதலியே" என்றான். அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று இரண்டு வாரமாக எழுதியிருந்தாராம். அதுக்கப்புறம் ஒருத்தரும் என்னிடம் பேசவில்லை.

குணா திரும்பி வந்துவிட்டான். வார்டனிடம் எதுவும் சொல்லவில்லை. இதுவரை என்னை வாடா போடா என்றவன் இப்போது 'வாங்க, போங்க' என்கிறான். அவன் அக்கா எழுதின அந்தச் சீட்டு என் கெமிஸ்ட்ரி புஸ்தகத்தில்தான் இருந்தது. கிழிக்கவில்லை. பிரிக்கவும் இல்லை. கொடுத்தால் நான் படித்ததெல்லாம் பொய் என்று அன்றைக்கே தெரிந்துபோகும், அந்தப் பயம்தான். வேறு காரணம் எதுவும் இல்லை. யோசித்துப் பார்த்தேன், இல்லை. இன்றைக்குக் காலையில் அவனிடம் கொடுத்தேன். "நன்றிங்க" என்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அப்புறம் நீ அனுப்பின தாளை அவனிடம் காட்டினேன். அவங்க அடிக்கும்போது அவன் பக்கத்தில் இருந்தான் என்று எழுதியிருந்தாயே. "இதுல என்ன போட்டிருக்காங்க குணா?" என்று கேட்டேன்.

"நீங்கதான் படிப்பீங்களே" என்றான். சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

மேலே நான் எழுதினதில் ஒரு வரிகூட அந்தத் தாளில் இருந்து எடுத்தது இல்லை. காலையிலிருந்து பார்க்கிறேன். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன், விரல் வைத்து மூன்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு எழுத்துகூட வரவில்லை க்கா. இன்றைக்கு மட்டும் இல்லை. எனக்கு அது ஒருநாளும் வந்ததே இல்லை. அம்மா என்று ஒரு வார்த்தையைக்கூட நான் அந்தத் தாள்களில் கண்டுபிடித்ததில்லை. பையன்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் படித்தேன்.

திட்டாக இருந்தாலும் சரி, சாபமாக இருந்தாலும் சரி. அவங்க எனக்கு என்னதான் எழுதியிருக்காங்க? நீயாவது சொல்லு க்கா.